மழை மேட்ச்சின் மூன்றாவது கோல்

பிப்ரவரி 3

வாயாடிக்கு,

மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல. நீ நலமாகத்தான் இருப்பாய். உனக்காகத் தினமும் சாமியிடம் கேட்டுக்கொள்கிறேன். பேச்சை நிறுத்தினேனே தவிர அதை நிறுத்தவில்லை. விஷயம் வேறு. சந்தோஷமான விஷயம்.

நேற்றுக் காலை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் நம் கால்பந்து க்ளப் செயலாளர். "அக்கா, உங்க நோட்டெல்லாம் இன்னும் இருக்கா?" என்கிறார். அலுவலகத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்து, முப்பது வருடப் பதிவேடு கூழாகிவிட்டதாம். மைதானத்தின் கிழக்குச் சுவரில், நம் அணிக்காக ஒரு கோலாவது அடித்த ஒவ்வொருவர் பெயரையும் எழுதப் போகிறார்கள். மார்ச் 16 அன்று பெயின்டர் வேலையைத் தொடங்குகிறார். "உங்க நோட்டுதான் இனிமே ஆதாரம்" என்றார். ஆதாரம்! சோப்புக் கையோடு கும்பிட்டுவிட்டேன். அவர் சட்டையெல்லாம் நுரை.

மேட்ச் மேட்ச்சாகக் கோல் அடித்தவர், நிமிடம் எல்லாம் எழுதிவைத்த பதினோரு நோட்டையும் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். உன் அண்ணன், "பேர் எழுத இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்கிறார். அவருக்கு ஆஃப்சைடும் தெரியாது, ஆர்ப்பாட்டமும் தெரியாது. ஒவ்வொரு பக்கத்தைத் திருப்பும்போதும் ஒருத்தர் எழுந்து ஓடி வருகிறார். கோலுக்குள் நின்றுகொண்டு தகரத்தைத் தட்டுவது போலக் கத்துவாரே கோல்கீப்பர் தகர டப்பா, அவர் பெயரும் வரும்! ஒரே ஒரு பெனால்டி அடித்தார், நினைவிருக்கிறதா? அடித்த கையோடு, கொண்டாடக்கூட நிற்காமல் தன் கோலுக்குத் திரும்பி ஓடினார், யாரோ வீட்டைத் திறந்து போட்டுவிட்டு வந்தது போல. ரெஃபரியிடம் மல்லுக்கு நிற்கும் பஞ்சாயத்து: கோல் பன்னிரண்டு, மஞ்சள் அட்டை முப்பத்தொன்று. நம் நெட்டைக் கொக்கு: சரியாக ஐம்பது. ஐம்பது அடித்தவர் அவர் ஒருவர்தான், அதனால் அவர் பெயர் மட்டும் தங்க நிறத்தில்.

ஒருவர் பெயர்தான் வராது. பூட்டு. இடது பக்கம் பூட்டிவிட்டால் ஈ நுழையாது. இருநூற்றுப் பதினான்கு மேட்ச், கோல் பூஜ்யம். இப்போது டயர் கடை வைத்திருக்கிறார். அவர் மனைவி செயலாளரிடம், "இவர் பேரு எந்தப் பக்கம் வருது?" என்று கேட்டாராம். செயலாளர் மணியைப் பார்த்துக்கொண்டே நழுவிவிட்டாராம்.

சரி, எதற்கு எழுதினேன் என்றால், ஆறாம் நோட்டில் எனக்குக் காய்ச்சல் வந்த நான்கு மேட்ச் உன் கையெழுத்தில் இருக்கிறது. இரண்டாவதில் பஞ்சாயத்து கோல் அடித்தது 33ஆவது நிமிடமா, 88ஆ? பார்த்தால் இரண்டு கொக்கி மாதிரி இருக்கிறது.

இதற்காக மட்டும்தான் எழுதுகிறேன். நம் கோச் குடையை விரட்டச் சொல்லி மனுவில் கையெழுத்துப் போட்டவளோடு எனக்கு வேறு பேச்சில்லை.

அண்ணி

(போனில் கேட்கலாமே என்பாய். போனில் இரண்டு பேரும் சேர்ந்து பேசுவோம். கடிதத்தில் நீ நடுவில் புக முடியாது.)


பிப்ரவரி 10

அண்ணிக்கு,

88. அது கொக்கி இல்லை, எட்டு. உங்களுக்கு என் எட்டும் பிடிக்கவில்லை, நானும் பிடிக்கவில்லை.

உங்கள் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் பல் செட் செய்கிற வேலை ஓடவில்லை. மெழுகில் பதித்துக்கொண்டிருந்த முன் பல்லைக் கீழே போட்டு உடைத்தேன். பல் டாக்டரம்மா, "என்னம்மா, வீட்ல ஏதாவது விசேஷமா?" என்றார். "எங்க அண்ணி எழுதியிருக்காங்க, தகர டப்பா பேரு சுவத்துல வருதாம்" என்றேன். அவர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

அண்ணி, தகர டப்பா பெனால்டி அடித்த அன்று நான் தொண்டை கட்டி மூன்று நாள் சைகையில் பேசினேனே! நீங்கள்கூட "வீடு எவ்வளவு அமைதி" என்றீர்களே! மூட்டு பிசகி ஒரு காலில் நொண்டிக்கொண்டே கொக்கு அடித்த கோல் எத்தனையாம் நோட்டில் இருக்கிறது? அதை அப்படியே பார்த்து எழுதி அனுப்புங்கள். நிமிடத்தோடு.

குடை விஷயத்தை நூறாவது தடவையாகச் சொல்கிறேன். வெயிலோ மழையோ கையில் குடை இல்லாமல் அந்த மனிதர் கோட்டருகே நின்றதில்லை, ஊரே குடை என்றது, சரி. அவரை எழுபது வயதில் இரண்டாம் முறை கோச்சாகக் கூட்டி வந்தார்கள், அதுவும் சரி. ஆனால் என்னிடம் நீட்டிய தாளின் தலைப்பில் "குடை வேண்டாம்" என்று மட்டும்தான் இருந்தது. குடை பிடிக்க வேண்டாம்படி, பெண்கள் நிற்கும் பக்கம் கூரை போடச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன்! எத்தனை வருடம் நனைந்தோம்! போட்டேன் கையெழுத்து. அவரைப் போகச் சொல்வேனா நான்? நீங்கள் நம்பவில்லை. இப்போதும் நம்ப மாட்டீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும். மழை மேட்ச் எந்த நோட்டில் இருக்கிறது? அதில் மூன்றாவது கோலுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறீர்கள்? சும்மாதான் கேட்கிறேன்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 15

வாயாடிக்கு,

மழை மேட்ச்சைப் பார்த்து எழுத வேண்டுமா? எனக்கு மனப்பாடம். மூன்றாம் நோட்டு, நாற்பதாம் பக்கம். வென்றால் மேல் பிரிவில் இருப்போம், சமன் ஆனாலும் கீழே இறங்குவோம். இரண்டுக்கு இரண்டு. எண்பத்தொன்பதாவது நிமிடம், வலப் பக்கக் கார்னர், பஞ்சாயத்து தூக்கிப் போட, கொக்கு தலையால் கோல். அவருடைய ஐம்பதாவது. அடுத்த வருடம் மூட்டு போய்விட்டது, அதற்கு மேல் அடிக்கவில்லை பாவம். மறுநாள் பேப்பரில் வந்ததையும் வெட்டி ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். பசை மஞ்சளாகிவிட்டது, எழுத்து மங்கவில்லை.

அன்று நாம் இரண்டு பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வரை ஓடினோம். உன் அண்ணன் கதவைத் திறந்து, "யார் நீங்க?" என்றார். அவ்வளவு சேறு.

கொக்கின் நொண்டிக் கோல்: இரண்டாம் நோட்டு, 61ஆவது நிமிடம். அதை எழுதும்போது அழுதிருக்கிறேன் போல. மை பரவியிருக்கிறது.

கையெழுத்து விஷயம்: கூரை! உன் வாய்க்கு ஒரு கூரை போட்டால் தேவலை.

நீ சும்மா எதையும் கேட்க மாட்டாய். எதற்குக் கேட்டாய்?

அண்ணி


பிப்ரவரி 21

அண்ணிக்கு,

கோபப்பட மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு மேலே படியுங்கள். செய்ய மாட்டீர்கள். பரவாயில்லை, உட்கார்ந்தாவது படியுங்கள்.

கார்னர் என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கண்ணை மூடிக்கொள்வீர்கள். உதடு மட்டும் அசையும். கூட்டம் கத்தினதும் கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாரு? யாருடி?" என்பீர்கள். நான் சொல்வேன். நீங்கள் எழுதுவீர்கள். உங்கள் நோட்டில் கார்னரில் விழுந்த கோல் ஒவ்வொன்றும் என் கண்ணால் பார்த்தது.

மழை மேட்ச்சின் மூன்றாவது கோல் கொக்கு அடித்தது இல்லை அண்ணி. பூட்டு அடித்தது.

எனக்குப் பதினெட்டு வயது. என் பெட்டியின் அடியில் கொக்கின் படம் ஒன்று இருந்தது, உங்களுக்குத் தெரியாது. (தெரியுமா?) முந்தின வாரம்தான் நீங்கள் "நாப்பத்தொன்பது ஆச்சுடி" என்றீர்கள். அன்று கொக்கு எகிறினதைப் பார்த்தேன், பந்து அவர் தலையைத் தாண்டிப் போனதையும் பார்த்தேன், பின்னால் ஓடி வந்த பூட்டு மேல் பட்டு உள்ளே போனதையும் பார்த்தேன். நீங்கள் "யாருடி?" என்றீர்கள். வாயில் "கொக்கு" என்று வந்துவிட்டது. நீங்கள் எழுதிவிட்டீர்கள்.

பேப்பரில் வந்ததே என்பீர்கள். பேப்பர்க்காரர் மழைக்கு டிக்கெட் கவுன்டருக்குள் ஒதுங்கியிருந்தார். வெளியே வரும்போது உங்களை நிறுத்தி, "நோட்டு அக்கா, கடைசி கோல் யாரு?" என்று கேட்டார். நீங்கள்தான் நோட்டைத் திறந்து காட்டினீர்கள். மறுநாள் அவர் எழுதினதை வெட்டி, அதே நோட்டில் ஆதாரமாக ஒட்டினீர்கள்.

நாத்தனார்


பிப்ரவரி 25

மூன்று நாள் நோட்டைத் தொடவில்லை.

கடவுளை நினைத்துக் கண்ணை மூடினது என் தப்பா? நான் கும்பிட்டதால்தானே பல கோல் விழுந்தது! பார்க்கிற வேலையை உன்னிடம் கொடுத்தேன், வேண்டுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். என் பங்கை ஒழுங்காகச் செய்தேன்.

என் நோட்டில் முப்பது வருடத்தில் ஓர் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. செயலாளர் புரட்டிப் பார்த்து, "பேங்க்காரங்க தோத்தாங்க" என்றார். அதில் இருபத்தெட்டு வருடமாக ஒரு பொய் உட்கார்ந்திருக்கிறது என்று சாவகாசமாகப் பல் செய்துகொண்டே எழுதுகிறாய்.

அல்லது இப்போது சொல்வதுதான் பொய்யா? பூட்டு பெயர் வரவில்லை, பாவம் என்று நான் எழுதினேன். உடனே உனக்கு இரக்கம் பொங்கிவிட்டது. ஒருவருக்கு இரக்கப்பட்டு இன்னொருவர் கோலைப் பிடுங்கிக் கொடுப்பது என்ன நியாயம்? அப்படி மாற்றினால் கொக்குக்கு நாற்பத்தொன்பது. தங்க எழுத்து போச்சு. அந்த மனிதர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

அடித்தவருக்குத் தெரியாதா? பூட்டு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? நீ ஏன் சொல்லவில்லை?

படத்தைப் பற்றி: தெரியும். பெட்டியைத் துடைத்தது யார்?

அண்ணி


மார்ச் 2

அண்ணிக்கு,

பூட்டு சொல்லவில்லை, ஏனென்றால் அவருக்கே தெரியாது. பந்து பட்டது அவர் முகத்தில். அங்கேயே மயங்கி விழுந்தார். எல்லோரும் கொக்கின் மேல் விழுந்து புரண்டுகொண்டிருந்தார்கள், அவரை நான்கு பேர் விளம்பரப் பலகையில் வைத்துத் தூக்கிப் போனார்கள். மறுநாள் கண் விழித்தபோது பேப்பரில் கொக்கு பெயர் இருந்தது.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். அன்று பெயரை எழுதி முடித்துவிட்டு நீங்கள் என்னைக் கட்டிக்கொண்டீர்கள். நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதுவரை மைதானத்தை விட்டால் என்னிடம் "சாப்பிட்டியா", "துணி காஞ்சுதா" என்பதைத் தாண்டிப் பேசினதில்லை. அந்தக் கோலைப் பிடுங்கினால் அதுவும் போய்விடும் என்று தோன்றியது. அப்புறம் நாளாகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் இன்னும் நாளாகிவிட்டது.

சந்தேகம் இருந்தால் கொக்கையே கேளுங்கள். பெயின்டர் வர இரண்டு வாரம்தான் இருக்கிறது.

நாத்தனார்


மார்ச் 8

வாயாடிக்கு,

கேட்டேன்! இரண்டு பேரையும் பார்த்துவிட்டேன்! நேற்று நடந்ததை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

மூன்றாம் நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு கொக்கின் மெத்தைக் கடைக்குப் போனேன். இன்னும் நிலைப்படியில் குனிந்துதான் வருகிறார். "நோட்டு அக்கா! வாங்க, உக்காருங்க" என்று மெத்தையைக் காட்டினார். உட்கார்ந்தால் விலை சொல்லிவிடுவார் என்று நின்றுகொண்டே கேட்டேன்.

"தம்பி, மழை மேட்ச் மூணாவது கோல். உங்க தலைல பட்டுச்சா?"

அவர் சிரிப்பு நின்றது. டேப்பை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். பிறகு, "படலக்கா" என்றார்.

"அப்ப ஏன் சொல்லல?"

"யாருக்கா கேட்டா? எகிறினேன், பந்து மேல போயிடுச்சு, நான் சேத்துல குப்புற விழுந்தேன். நிமிர்ந்து பார்த்தா என் மேல பத்துப் பேர். சரி, பின்னால சொல்லிக்கலாம்னு இருந்தேன். மறுநாள் பேப்பர்ல என் பேரு. 'நோட்டு அக்காவே எழுதியிருக்காங்க'ன்னு எல்லாரும் சொன்னாங்க. நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்னு நானே நம்பிட்டேன். சில நாள் நெத்தியில பட்ட மாதிரியே இருக்கும்."

கேட்டாயா! அடிக்காதவரே என் நோட்டைப் பார்த்து நம்பியிருக்கிறார். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. "தம்பி, தங்க எழுத்து போயிடுமே" என்றேன். உள்ளே அவர் மகள் பஞ்சை அடைத்துக்கொண்டிருந்தாள், அவளைத் திரும்பிப் பார்த்தார். "நாப்பத்தொன்பதும் நான் அடிச்சதுதானேக்கா. அதுல ஒண்ணும் சந்தேகம் இல்லையே?" என்றார். "ஒவ்வொண்ணுக்கும் நிமிஷம் இருக்கு" என்றேன். "அப்ப எழுதுங்க" என்றார். மகராசன். உன் பெட்டியில் இருந்த படம் தப்பானவர் படம் இல்லை.

ஆனால் யார் மேல் பட்டது என்று அவருக்குத் தெரியாது. குப்புற விழுந்தவர் எதைப் பார்த்திருப்பார்?

அங்கிருந்து டயர் கடை. பூட்டு ஒரு ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். நிமிர்ந்தவர் முதலில் என்ன கேட்டார் தெரியுமா?

"நம்ம கோல்லயா அவங்க கோல்லயா?"

பின்னால் அவர் மனைவி விழுந்து விழுந்து சிரிக்கிறார். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார்.

"அக்கா, எனக்கு ஞாபகம் இருக்கறது ஆஸ்பத்திரி ஃபேன்தான். இத்தனை வருஷம் கழிச்சு திடீர்னு கோல் அடிச்சீங்கங்கறீங்க. என் பொண்டாட்டி போய்க் கேட்டா, அதனால பாவம்னு எழுதறீங்களா? அப்படி எழுதற பேரு எனக்கு வேணாம். நீங்க பார்த்தீங்களா?"

முப்பது வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. "இல்ல தம்பி, கண்ணை மூடியிருந்தேன்" என்றேன்.

"அப்ப பார்த்தவங்க சொல்லட்டும். எப்படி விழுந்துச்சுன்னு சொல்லட்டும். நான் நம்பினா எழுதுங்க. இல்லேன்னா பூஜ்யமே இருக்கட்டும், அது நான் சம்பாதிச்சது."

"அதுக்கில்லீங்க" என்று மனைவி ஏதோ சொல்ல வந்தார். "நீ சும்மா இரு" என்றார். அந்த அம்மா சும்மா இருந்தார், ஆனால் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

பார்த்தவள் நீ ஒருத்திதான். உனக்கு விடுப்புக் கிடைக்காது என்று உன் அண்ணன் சொன்னார். கடிதத்தில் எழுது. அவர் எதிரில் படித்துக் காட்டுகிறேன். 15ஆம் தேதிக்குள் வர வேண்டும். அலங்காரம் வேண்டாம், நடந்ததை நடந்தபடி எழுது.

இன்னொன்று. அன்று உன்னைக் கட்டிக்கொண்டது கோலுக்காக மட்டும் இல்லை. நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தாய்.

அண்ணி


மார்ச் 11

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன், கடைசி வரியை ஏழு தடவை. விடுப்பு கேட்டேன், அவசரமாக இரண்டு செட் பல் முடிக்க வேண்டியிருக்கிறது. 19ஆம் தேதிதான் வர முடியும். வருகிறேன். இனி எழுதுவது பூட்டுக்கு. கண்ணைத் திறந்துகொண்டு படியுங்கள்.

பூட்டு அண்ணே,

என்னை உங்களுக்குத் தெரியாது. நோட்டு அக்கா பக்கத்தில் நின்று கத்துகிற பெண் நான். அன்று மழையில் ஒன்றும் தெரியவில்லை என்று ஒரு தண்ணீர்த் தொட்டி விளிம்பில் ஏறி நின்றிருந்தேன். அதனால் எனக்கு எல்லாம் தெரிந்தது.

கார்னர் கிடைத்தபோது நீங்கள் வழக்கம் போல நம் பாதியில்தான் நின்றிருந்தீர்கள். நீங்கள் நடுக்கோட்டைத் தாண்டினால் உங்கள் காலை ஒடிப்பேன் என்று குடை சொல்லியிருந்தது மைதானத்துக்கே தெரியும். அப்போது ஒரு காற்று. கோட்டருகே நின்ற குடையின் கையில் இருந்த குடை மேல்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. அவர் அதை இழுத்துப் பிடிக்கக் கையை வீசுகிறார். நீங்கள் அவரைப் பார்த்தீர்கள். "போ, மேலே போ" என்று சொல்கிறார் என்று நினைத்துவிட்டீர்கள். ஓடத் தொடங்கினீர்கள்.

அண்ணே, நீங்கள் ஓடினதை நான் அன்றுதான் பார்த்தேன்! சேறு இரண்டு பக்கமும் தெறிக்கிறது. குடை கத்துகிறார், "டேய்! நீ எங்கடா போற!" உங்களுக்குக் காதில் விழவில்லை. உங்களை யாரும் தடுக்கவில்லை, ஏனென்றால் நீங்கள் அந்தப் பக்கம் வருவீர்கள் என்று யாருமே நினைக்கவில்லை. பஞ்சாயத்து பந்தைத் தூக்கிப் போட்டார். கொக்கு எகிறினார், கூடவே மூன்று பேர் எகிறினார்கள். பந்து நான்கு தலைக்கும் மேலே ஒரு சாண் தள்ளிப் போனது. நீங்கள் கால் வழுக்கி, நிற்க முடியாமல், கையை விரித்துக்கொண்டு நேராக அதன் எதிரில் போனீர்கள். வாய் திறந்திருந்தது. இடது கன்னத்திலும் மூக்கிலும் சேர்த்துப் பட்டது. சத்தம் எனக்குக் கேட்டது. கோல்கீப்பர் வலது பக்கம் பாய்ந்துவிட்டார், பந்து இடது பக்கம் போனது. கோட்டைத் தாண்டி வலையில் முட்டி நின்றது. அதற்குப் பிறகுதான் நீங்கள் விழுந்தீர்கள். அவ்வளவு நேரம் நின்றுகொண்டிருந்தீர்கள், அண்ணே. கோல் விழும் வரை நின்றீர்கள்.

உங்கள் மூக்கு இப்போதும் வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அது அன்று உடைந்தது. கண்ணாடியைப் பாருங்கள். நான் சொல்வது பொய் என்றால் அது நேராக இருக்க வேண்டும்.

இரக்கப்பட்டு எழுதவில்லை. பதினெட்டு வயதில் எனக்கு உங்கள் மேல் இரக்கமே இல்லை, கொக்கின் ஐம்பதை நீங்கள் கெடுத்துவிட்டீர்கள் என்று கோபம்தான். உங்கள் கோலை உங்கள் கையில் கொடுக்காமல் இத்தனை வருடம் நான் வைத்திருந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

நாம் கீழ்ப்பிரிவுக்குப் போகவில்லை. அது உங்களால். மைதானம் முழுக்கக் கத்தினோம், ஆனால் வேறு பெயரைச் சொல்லிக் கத்தினோம்.

அண்ணி, இங்கே நிறுத்தி அவர் முகத்தைப் பாருங்கள். நம்பிவிட்டாரா? என்ன செய்கிறார்? எனக்கு இங்கிருந்து தெரியாது, நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். தலையாட்டினார் என்றால், அந்தக் கடையிலேயே, அவர் எதிரிலேயே, மூன்றாம் நோட்டு நாற்பதாம் பக்கத்தை எடுத்து அடித்து எழுதுங்கள்.

நாத்தனார்